ஏஐ காலத்தில் உண்மைச் சரிபார்ப்பு அமைப்புகளை நம்பலாமா? அது பத்திரிகைகளே செய்ய வேண்டிய வேலை இல்லையா?

ஒரு தமிழ் நாளிதழின் டெஸ்க்கில் பதினோரு வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: நான் நம்புகிறேன். ஆனால் ‘பொய்’ என்று சிவப்பு முத்திரை குத்திய படத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கீழே எழுதியிருப்பார்கள். அதைப் படித்த பிறகுதான் நம்புகிறேன்.

2023 மார்ச் உங்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள் என்று காணொளிகள் பரவின. பீகார் சட்டமன்றத்தில் அமளி, அங்கிருந்து அதிகாரிகள் குழு இங்கே வந்தது, திருப்பூரிலும் கோவையிலும் வேலை செய்தவர்கள் பயந்துபோய் ரயில் ஏறினார்கள். ஆல்ட் நியூஸ் போன்ற உண்மைச் சரிபார்ப்புத் தளங்கள் அந்தக் காணொளிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, வேறு ஊர்களில் வேறு காரணங்களுக்காக நடந்தவை என்று காட்டின. இதில் ஏஐ துளிகூட இல்லை. பழைய காணொளிக்குப் புதுத் தலைப்பு வைத்தார்கள், அவ்வளவுதான்.

இந்த மாதிரிப் பொய்யைப் பிடிக்க ஒரு நேரான வழி இருந்தது. காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுளிலோ யாண்டெக்ஸிலோ தேடினால் அதன் பழைய பிரதி எங்காவது கிடைக்கும். தேதி கிடைக்கும், ஊர் கிடைக்கும், அந்த ஊர் காவல் நிலையத்துக்குப் போன் போட்டால் கதை முடிந்தது. ஏஐ உடைத்தது இந்த முதல் படியைத்தான். இயந்திரம் உருவாக்கிய படத்துக்குப் பழைய பிரதியே கிடையாது, தேடினால் ஒன்றும் வராது.

சரி, அப்புறம் என்ன செய்வது? 2023 மே 22-ல் அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் அருகே வெடிப்பு என்று ஒரு படம் வந்தது. அமெரிக்கப் பங்குச்சந்தையே சில நிமிடங்கள் சறுக்கியது. அதை முடித்துவைத்தது, பென்டகன் இருக்கும் ஆர்லிங்டன் பகுதியின் தீயணைப்புத் துறை கொடுத்த மறுப்பு. அத்தனை பேர் நடமாடும் இடத்தில் வெடித்திருந்தால், வேறு கோணத்தில் எடுத்த இன்னொரு படமாவது வந்திருக்க வேண்டும். அது வரவில்லை. யார் முதலில் போட்டார்கள், வேறு சாட்சி உண்டா, சம்பந்தப்பட்டவர் என்ன சொல்கிறார்? ஒரு நல்ல மாவட்ட நிருபர் நாற்பது வருடம் முன்பும் கேட்ட கேள்விகள் இவை. இன்றைக்கும் இவைதான் கைகொடுக்கின்றன.

இதைவிடக் கடினமானது, உண்மையையே ‘ஏஐ’ என்று தள்ளிவிட முடிவது. 2023 ஏப்ரலில், அப்போது தமிழ்நாட்டு நிதியமைச்சராக இருந்த பழனிவேல் தியாகராஜன் பேசியதாக இரண்டு ஒலிப்பதிவுகளை, அப்போதைய மாநில பாஜக தலைவர் அண்ணாமலை வெளியிட்டார். அவை இட்டுக்கட்டியவை என்று தியாகராஜன் மறுத்தார். ரெஸ்ட் ஆஃப் வேர்ல்ட் என்ற இதழ் அவற்றைச் சுயேச்சையான வல்லுநர்களிடம் சோதனைக்குக் கொடுத்தது. இரண்டாவது பதிவு உண்மையானது என்று அவர்கள் சொன்னார்கள். முதல் பதிவைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த இதழ் இரண்டையும் பிரித்து, அப்படியே எழுதியது. நம் டிவி விவாதங்களில் யாரும் ‘முதல் பதிவு பற்றித் தெரியவில்லை’ என்று சொல்லி நான் கேட்கவில்லை. அந்த ‘தெரியவில்லை’யை அச்சிடும் துணிச்சலைத்தான் நான் தரம் என்கிறேன்.

ஏஐயிடமே கேட்டுச் சரிபார்க்கலாமே என்பவர்களுக்கு: 2025 மே மாத இந்தியா–பாகிஸ்தான் மோதலின்போது நிறையப் பேர் எக்ஸ் தளத்தின் ஏஐயான க்ரோக்கிடம் கேட்டார்கள். சூடானின் கார்ட்டூம் விமான நிலையத்தில் எடுத்த பழைய காணொளியை, பாகிஸ்தானின் நூர் கான் விமானப்படைத் தளத்தில் ஏவுகணை விழுந்த காட்சி என்று அது சொன்னது. அதே வருடம் அக்டோபரில் பிபிசியும் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியமும் 18 நாடுகளில் 14 மொழிகளில் செய்த ஆய்வில், செய்தி பற்றிய ஏஐ பதில்களில் 45 சதவீதத்தில் குறைந்தது ஒரு பெரிய குறையாவது இருந்தது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஆம், அது பத்திரிகையின் வேலைதான். நாங்கள் அதைக் கைவிட்டோம் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். நான் வேலை பார்த்த இடத்தில் கடைசி இரண்டு வருடம் ஏஜென்சி செய்திகளை ஏஐ மொழிபெயர்க்கும், நாங்கள் ‘பார்த்து விட’ வேண்டும். ஒரு ராத்திரிக்கு ஒரு ஆளுக்கு அறுபது செய்தி. ஒரு குடியிருப்பை அகற்றும் உத்தரவுக்குத் தடை விதிக்க உயர் நீதிமன்றம் மறுத்தது என்பது ஆங்கிலச் செய்தி. எங்கள் பக்கத்தில் தடை விதித்ததாக வந்தது. வாக்கியம் அழகாகத்தான் இருந்தது, அதனால் என் கண்ணும் அதைத் தாண்டிப் போய்விட்டது. மறுநாள் காலை அந்தக் குடியிருப்பிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். “பேப்பர்ல தடைன்னு போட்டிருக்கு, ஜேசிபி வந்து நிக்குது. நீங்க கொஞ்சம் அவங்ககிட்ட பேசுங்க சார்” என்றார். திருத்தம் மூன்றாம் நாள், ஒன்பதாம் பக்கத்தில், நான்கு வரியில் வந்தது. அதை முதல் பக்கத்தில் போடச் சொல்லி நான் கேட்டேன், நடக்கவில்லை. அந்த வீடுகள் எப்படியும் இடிந்திருக்கும்தான். ஆனால் சாமான்களை எடுத்து வைக்க இருந்த ஒரு ராத்திரியை நாங்கள் அவர்களிடமிருந்து பறித்துவிட்டோம்.

பெரிய ஊர்ப் பத்திரிகைகளிலும் இதே கதைதான். 2025 மேயில் சிகாகோ சன்-டைம்ஸோடு வந்த இணைப்பில் கோடையில் படிக்க 15 புத்தகங்கள் என்று ஒரு பட்டியல். அதில் 10 புத்தகங்கள் எழுதப்படவே இல்லை. எழுத்தாளர்கள் நிஜம், தலைப்புகள் ஏஐ கற்பனை. வெளியிலிருந்து வாங்கிப் போட்ட பக்கம் என்பதால் அந்த டெஸ்க்கில் யாரும் படித்துப் பார்க்கவில்லை.

எந்தச் சரிபார்ப்பு அமைப்பு நல்லது என்று பார்க்க நான் செய்வதைச் சொல்கிறேன். ஐஎஃப்சிஎன் என்ற, சரிபார்ப்பு அமைப்புகளின் சர்வதேச வலையமைப்பு, சார்பின்மை, ஆதாரம், பணம் எங்கிருந்து வருகிறது, வேலை செய்யும் முறை, திருத்தம் என ஐந்து உறுதிமொழி கேட்கிறது. பணத்தை நான் முக்கியமாகப் பார்ப்பேன். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, வெளி அமைப்புகளுக்குக் காசு கொடுத்து நடத்திய சரிபார்ப்புத் திட்டத்தை அமெரிக்காவில் நிறுத்துவதாக 2025 ஜனவரியில் அறிவித்தபோது, ஒரே கம்பெனியின் காசில் நிற்பது எவ்வளவு ஆபத்து என்று தெரிந்தது. அரசே சரிபார்ப்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை, மத்திய அரசானாலும் மாநில அரசானாலும். தன்னைப் பற்றிய செய்திக்குத் தானே தீர்ப்பு எழுத முடியாது. மத்திய அரசின் சரிபார்ப்புப் பிரிவுக்கான விதியை மும்பை உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது சரியான முடிவு.

அப்புறம், திருத்தங்களுக்கான பக்கம். அந்தத் தளத்தில் அதைத் தேடுவேன். தப்பு என்ன, எந்தத் தேதியில் மாற்றினார்கள், பழைய வாக்கியம் என்ன என்று எழுதியிருந்தால் புக்மார்க் செய்துகொள்வேன். அப்படி நான் வைத்திருப்பவை மொத்தம் ஐந்து. அதில் ஒரு தமிழ் நாளிதழ்கூட இல்லை.