வாசகர் கேள்வி – பதில்: ஆய்வகத்தின் மின்சாரமும் குப்பையும்

கேள்வி: எண்ணூரில் பிறந்து வளர்ந்த நான், இப்போது உயிர்வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எங்கள் ஆய்வகத்திலிருந்து பை பையாக பிளாஸ்டிக் டிப்புகளும் (திரவத்தை அளந்தெடுக்கும் பிப்பெட்டின் நுனியில் மாட்டும் முனைகள்) குழாய்களும் வெளியேறுவதைப் பார்க்கும்போது மனம் வேதனைப்படுகிறது. சிக்கனம் பற்றிப் பேசினால், ஆய்வின் தரம் கெட்டுவிடும் என்கிறார் என் வழிகாட்டி. ஒரு மாணவியால் எதை மாற்ற முடியும்?
– ஆய்வு மாணவி, எண்ணூர்

பதில்: உங்கள் வழிகாட்டியின் அச்சம் நியாயமானது. மாசுபட்ட ஒரு டிப்பால் சோதனை வீணானால், முதல்முறை செலவான வேதிப்பொருள், நீர், மின்சாரம் அனைத்தும் இரண்டாம் முறையும் செலவாகின்றன. எனவே, முடிவுகளை எந்த வகையிலும் தொடாத மாற்றங்களிலிருந்து தொடங்குங்கள். அப்படிப்பட்டவை ஏராளமாக இருக்கின்றன.

பிளாஸ்டிக் கண்ணில் படுகிறது, மின்சாரம் படுவதில்லை. மைனஸ் 80 டிகிரியில் மாதிரிகளைக் காக்கும் டீப் ஃப்ரீசர் ஒன்று, அதன் வயதையும் பராமரிப்பையும் பொறுத்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 முதல் 25 யூனிட் வரை இழுக்கிறது. 20 யூனிட் என்றே வைத்துக்கொண்டாலும், நம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட் அதற்கு ஐந்து நாளுக்குத்தான் வரும். அதே பெட்டியை மைனஸ் 70 டிகிரிக்கு மாற்றினால் மின்செலவு சுமார் 30 சதவீதம் குறைகிறது என்பது பல நாடுகளின் ஆய்வகங்களில் அளந்து பார்க்கப்பட்ட செய்தி. டி.என்.ஏ., புரதம் முதலிய பெரும்பாலான மாதிரிகளுக்கு மைனஸ் 70 போதும்; ஃபைசர் நிறுவனத்தின் கொரோனா தடுப்பூசியே மைனஸ் 60 முதல் மைனஸ் 90 வரையிலான குளிரில் வைக்கப்பட்டதுதான். கதவோரத்தில் படியும் பனியைச் சுரண்டி எடுப்பது, வடிகட்டியில் சேரும் தூசியைத் தட்டுவது, எந்தத் தட்டில் எந்த மாதிரி இருக்கிறது என்று பட்டியல் எழுதி ஒட்டுவது ஆகியவற்றுக்குப் பேராசிரியரின் அனுமதிகூடத் தேவையில்லை. படிப்பை முடித்துப் போனவர்கள் விட்டுச்சென்ற, பெயர்ச்சீட்டு அழிந்த குப்பிகளை மட்டும் அவரிடம் கேட்டுவிட்டு அகற்றுங்கள். அவற்றை அகற்றிய பிறகு ஒரு பெட்டியையே அணைக்க முடிந்த ஆய்வகங்கள் உண்டு.

வட சென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் கொசஸ்தலையாற்றில் படிந்ததால் மீன்வளம் குன்றியதை நீங்கள் நேரில் கண்டிருப்பீர்கள். ஆய்வகத்தில் சேமிக்கும் ஒவ்வொரு யூனிட்டும் எரிக்கப்படாத நிலக்கரி என்பதை உங்கள் ஊர்க்காரர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஃபியூம் ஹுட் என்னும் காற்றுறிஞ்சிப் பெட்டியையும் கவனியுங்கள். அது நச்சு ஆவியோடு குளிரூட்டிய அறைக்காற்றையும் சேர்த்து வெளியே தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப, நம் கடற்கரையின் புழுக்கக் காற்றை ஏ.சி. மறுபடியும் உலர்த்திக் குளிர்விக்க வேண்டியிருக்கிறது. வேலை முடிந்ததும் கண்ணாடிக் கதவை இறக்கிவிடுவது பாதுகாப்புக்கும் நல்லது. காற்றோட்டம் தானாகக் குறையும் வகை ஹுட்டாக இருந்தால் மின்சாரமும் மிச்சமாகும். எப்போதும் ஒரே வேகத்தில் இழுக்கும் பழைய வகையில் அவ்வளவு பலன் இராது.

இனி பிளாஸ்டிக். உலகின் உயிரியல் ஆய்வகங்கள் 2014-இல் ஏறத்தாழ 55 லட்சம் டன் பிளாஸ்டிக் கழிவை உண்டாக்கியிருக்கலாம் என்று இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். அதைக் குறைக்க முதல் வழி தரம்பிரிப்பு. 2016-ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு விதிகளின்படி, தொற்றுள்ள, மறுசுழற்சிக்கு உகந்த பிளாஸ்டிக் சிவப்புப் பையிலும், எரிக்க வேண்டியவை மஞ்சள் பையிலும் சேர வேண்டும். டிப் பெட்டியின் மேலுறை, அட்டை, காகிதம் போன்ற தூய்மையான பொருள்களையும் அவசரத்தில் மஞ்சள் பைக்குள் திணித்துவிட்டால், எரிக்கவே தேவையில்லாதவை எரிந்து புகையாகின்றன. கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகையைச் சுவாசித்து வாழும் மக்கள் நம் அண்டை வீட்டார் என்பதால், இதை நான் சிறிய தவறாக எண்ணுவதில்லை. அடுத்ததாக, நச்சோ ஆபத்தான கிருமியோ தொடாத வேலைகளுக்குக் கண்ணாடியாலான பிப்பெட்டுகளையும், நுண்ணுயிர் வளர்க்கும் கண்ணாடிப் பெட்ரித் தட்டுகளையும் 160 டிகிரி வெப்பக்காற்று அடுப்பில் இரண்டு மணி நேரம் வைத்துத் தூய்மையாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவைப் பாதி காலியாக ஓட்டாமல், பக்கத்து ஆய்வகத்தோடு நேரம் பகிர்ந்துகொள்ளுங்கள்.

வழிகாட்டியிடம் பேசப் போகும் முன், ஃப்ரீசரின் மின்செலவை ஒரு வாரம் மீட்டர் வைத்து அளந்து, வெப்பநிலையை மாற்றிய பின் மற்றொரு வாரம் அளப்பதற்கு ஒப்புதல் கேளுங்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் உருவாக்கிய 'லீஃப்' என்னும் மதிப்பீட்டு முறை, வெண்கலம், வெள்ளி, தங்கம் என ஆய்வகங்களைப் படிநிலைப்படுத்துகிறது. அதில் ஆய்வின் தரமும் ஒரு பகுதியாகவே கணக்கில் கொள்ளப்படுகிறது என்பதை அவருக்குக் காட்டுங்கள்.

கேள்வி: மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் என்ன செய்யலாம்?
– ஆசிரியர், தண்டையார்பேட்டை

பதில்: உப்புப் பகுப்பாய்வைச் சிறு சோதனைக்குழாய்களில் சில துளிகளைக் கொண்டே செய்ய முடியும், நிறமும் வீழ்படிவும் தெளிவாகவே தெரியும். காரீயம், தாமிரம் கலந்த கரைசல்களைத் தொட்டியில் ஊற்றாமல், மூடியுள்ள தனிக் குடுவையில் சேர்த்து, அபாயகரக் கழிவு கையாள உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்கப் பள்ளி நிர்வாகத்தைக் கேளுங்கள். வாலைவடி (டிஸ்டிலேஷன்) கருவியைக் குளிர்விக்க ஓடி வீணாகும் நீர் சுத்தமானது. அதை ஒரு வாளியில் பிடித்தால் கண்ணாடிக் கருவிகளின் முதல் கழுவலுக்குப் போதும். காட்டுப்பள்ளியில் 2010-இல் திறக்கப்பட்ட ஆலை, கடல்நீரை மின்சாரம் செலவிட்டுக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்புவதற்காக அமைக்கப்பட்டது என்பதையும் அந்த வாளியைக் காட்டியே மாணவர்களுக்குச் சொல்லலாம்.