டிரைவ்-இன்னில் ஒரு டிரைவர்

அன்புள்ள ஐயா,

பழைய மெட்ராஸைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். கதீட்ரல் சாலை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்குக் குறையாகவே படுகிறது. 1960களில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலையில் அப்பா எங்களை அங்கே அழைத்துச் செல்வார். தந்த நிற அம்பாசிடர். டிரைவர் வண்டியை மரத்தடியில் நிறுத்தியதும் சர்வர் வந்து தட்டை மாட்டிவிட்டுப் போவார். காரை விட்டு இறங்காமலே டிபன் சாப்பிட்ட அந்தச் சுகம் இனி வராது. அந்த வண்டியின் எண், சீட் உறையில் இருந்த பூ வேலைப்பாடு, சட்னியில் தூக்கலாக இருந்த பச்சை மிளகாய் வரை எல்லாம் நினைவிருக்கிறது. அதை இடித்துப் பூங்காவாக்கிவிட்டார்கள். என் பேரனுக்குக் கார் கலாசாரம் என்றால் என்னவென்றே தெரியாது. கைபேசியைத் தொட்டால் டெலிவரி பையன் வாசலில் நிற்கிறான். அமெரிக்காவைப் பார்த்துத்தான் அந்த உணவகத்தைத் தொடங்கினார்களா? அதுபோல் ஒன்றை மறுபடியும் நடத்த முடியாதா? கடைசியாக ஒரு சின்னச் சந்தேகம்: தட்டை மாட்டியது கார்க் கண்ணாடியிலா, கதவிலா? எனக்கும் என் தம்பிக்கும் இது நெடுநாள் வழக்கு.

(தன் பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள அம்மையாருக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது என் மேசைமேல் என் அப்பாவின் டிரைவிங் லைசென்ஸ் இருந்தது. இன்றுள்ளதுபோல் பிளாஸ்டிக் அட்டையல்ல, சிறு புத்தகம். பரணிலிருந்த இரும்புப் பெட்டியை ஒழித்தபோது கிடைத்தது. புதுப்பித்த முத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கறுத்திருந்தன. புகைப்படத்தில் நெற்றியையும் ஒரு கண்ணையும் பூச்சி தின்றிருந்தது. அதைத் தூக்கிப் போடவும் மனமில்லாமல், வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றும் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், “டிரைவர் வண்டியை மரத்தடியில் நிறுத்தியதும்” என்ற உங்கள் வரி வந்து சேர்ந்தது. ஆகவே நீங்கள் கேட்டது ஒன்றும் நான் சொல்வது ஒன்றுமாக இந்தப் பதில் போகக்கூடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவைப் பார்த்துத்தானா என்றால், வடிவம் அங்கிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. டெக்சாஸின் டல்லஸ் நகரில் 1921ஆம் ஆண்டிலேயே பிக் ஸ்டாண்ட் என்ற கடை காருக்குள் இருப்பவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தது. அப்படிக் கொண்டுபோகிறவர்களுக்கு அங்கே கார்ஹாப் என்று பெயர். நம் ஊரில் 1962இல் அது தொடங்கியபோது அங்கே அதன் சாயம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. 1948இலேயே சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்ட் சகோதரர்கள் தங்கள் டிரைவ்-இன்னைச் சில மாதங்கள் மூடிவைத்து, கார்ஹாப்களை வேலையிலிருந்து நிறுத்தி, தட்டையும் கரண்டியையும் ஒழித்துக் காகிதப் பொட்டலத்துக்கு மாறி, ஜன்னலுக்கு வந்து நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதே ஆண்டில் பால்ட்வின் பார்க்கில் இன்-அன்-அவுட் கடைக்காரர்கள் ஓர் ஒலிபெருக்கிப் பெட்டியை நட்டு, காரில் இருந்தபடியே அதனிடம் சொன்னால் போதும் என்று ஆக்கினார்கள். அங்கே ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தபோது நாம் ஆளை வைத்துத் தொடங்கினோம். தொடங்கியவர் உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து மாவரைத்து மேலே வந்த கிருஷ்ணா ராவ். இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் என்ற பெரிய பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து 1938இல் ஓட்டல் வைத்தவர். இதற்குமேல் அந்த வரலாறு உங்களுக்கு வேண்டியிராது என்று நினைக்கிறேன்.

எனக்கு வேண்டியது வேறு. டல்லஸிலும் கலிபோர்னியாவிலும் காரை ஓட்டி வந்தவர்தான் காருக்குள் சாப்பிட்டார். அப்பாவின் காரை இரவல் வாங்கிய இளைஞனாக இருக்கலாம், குழந்தைகளோடு வந்த குடும்பஸ்தராக இருக்கலாம். சக்கரத்தைப் பிடித்த கைதான் தட்டிலிருந்தும் எடுத்தது. நம் ஊரில் கதை அப்படியில்லை. அன்று கார் என்றால் பெரும்பாலும் மூன்றே மூன்றுதான்: கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவிலிருந்து வந்த அம்பாசிடர், பம்பாயிலிருந்து வந்த பியட், நம் வண்டலூர்ப் பக்கம் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஹெரால்டை வைத்திருந்த டாக்டர்களும் வக்கீல்களும் அதைத் தாங்களே ஓட்டியதுண்டு. அதன் பானெட் மட்கார்டோடு சேர்ந்து ஒரு முதலை வாய் பிளப்பதுபோல முன்னால் கவிழ்ந்து திறக்கும்போது தெருப் பையன்கள் அத்தனை பேரும் கூடிவிடுவோம். ஆனால் உங்கள் வீட்டைப் போன்ற அம்பாசிடர் வீடுகளில், காத்திருந்து வாங்கிய வண்டியைக் காத்திருக்காத ஒருவர்தான் ஓட்டினார். இதைக் கார் கலாசாரம் என்று நீங்கள் எழுதும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் கோபமும் வருகிறது.

கோபம் எதற்கென்று சொல்லிவிடுகிறேன். வண்டியின் எண் உங்களுக்கு நினைவிருக்கிறது. சீட் உறையின் பூ நினைவிருக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய பச்சை மிளகாயின் காரம் நாக்கில் இருக்கிறது. டிரைவரின் பெயர் மட்டும் கடிதத்தில் எங்கும் இல்லை. நானும் மூன்று முறை தேடிப் பார்த்துவிட்டேன். அந்தப் பழைய அம்பாசிடரில் முன்சீட் நடுவில் பிரிவில்லாத ஒரே நீள சீட். கியர்கூட ஸ்டீயரிங் தண்டில்தான் இருக்கும். அப்பா முன்னால் அமர்ந்திருப்பார், அம்மாவும் நீங்களும் தம்பியும் பின்னால் இருந்திருப்பீர்கள். சர்வர் வந்து தட்டை மாட்டுகிறார். இப்போது சொல்லுங்கள், அம்மா: டிரைவர் எங்கே? உங்கள் அப்பாவுக்கு ஒரு முழம் தள்ளி, அதே சீட்டில் உட்கார்ந்து, அவரும் டிபன் சாப்பிட்டாரா? சாப்பிட்டிருந்தால் அது அந்தக் காலத்தில் பெரிய செய்தி, நீங்கள் அதை மறந்திருக்க மாட்டீர்கள். சாப்பிடவில்லை என்றால் அவர் இறங்கிப் போயிருக்கிறார். “காரை விட்டு இறங்காமலே” என்று நீங்கள் எழுதியிருக்கும் சுகத்துக்கு ஒருவர் இறங்க வேண்டியிருந்தது.

அந்த உணவகத்தின்மேல் நான் பழி போடவில்லை. அது யாரையும் இறங்கச் சொன்னதில்லை. காரில்லாமல் நடந்து வருகிறவர்களுக்கு அங்கே கூடம் இருந்தது. பிற்காலத்தில் மருந்துக் கம்பெனி ரெப்கள் தோல்பையைக் காலடியில் வைத்துக்கொண்டு ஒரு காபியை வைத்து ஒரு மணி நேரம் ஓட்டுவார்கள். சினிமாவில் வாய்ப்புத் தேடியவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் நிறைந்திருப்பார்கள். எழுந்திரு என்று யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. இறங்கச் சொன்னது காருக்குள் இருந்த வழக்கம்.

என் அப்பா ஆழ்வார்பேட்டையில் ஒரு வீட்டில் டிரைவராக இருந்தார். நாங்கள் குடியிருந்தது மீர்சாகிப்பேட்டையில். அவருடைய முதலாளி கெட்டவர் அல்லர். தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுப்பார், என் பள்ளிக்கூடச் சம்பளத்தை இரண்டு ஆண்டுகள் அவர்தான் கட்டினார். ஆனால் தினமும் இரவு வண்டியை ஷெட்டில் விட்டதும் மீட்டரில் ஓடிய தூரத்தை ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். மறுநாள் காலையில் மறுபடி பார்ப்பார். அப்பா அதைப் பற்றி வீட்டில் ஒரு சொல்லும் பேசியதில்லை.

1967 டிசம்பர். நான் ஆறாம் வகுப்பு. முதலாளி குடும்பம் மியூசிக் அகாடமியில் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தது. அந்த அரங்கமும் இந்த டிரைவ்-இன்னும் ஒரே ஆண்டில், 1962இல், திறக்கப்பட்டவை என்பதும், இரண்டும் ஒரே சாலையின் இரண்டு முனைகளை அடுத்து இருந்தவை என்பதும் பின்னால்தான் எனக்கு உறைத்தது. அம்மா கொடுத்தனுப்பிய தூக்குவாளியில் தயிர்சாதத்தை எடுத்துக்கொண்டு நான் போனபோது, டிரைவர்கள் காம்பவுண்டு ஓரமாகத் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அப்பா தூக்கை வாங்கி வண்டிக்குள் வைத்துப் பூட்டினார். “இன்னும் தனி ஆவர்த்தனமே வரல. வா,” என்றார். மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் அந்தப் பகுதி வந்தால்தான் கச்சேரி முடிவை நெருங்கும்.

காரை எடுக்கவில்லை. மீட்டர் ஓடிவிடுமே. நடந்தோம். ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி மதிலைக் கடந்து, தெருவிளக்குக்கும் மரநிழலுக்குமாக மாறிமாறி, ஒரு டிரைவர் டிரைவ்-இன்னுக்கு நடந்தே போனார். கூடத்தில் உட்காரும் முன் தொப்பியைக் கழற்றி மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். சர்வர் வந்து, “என்ன சார் வேணும்?” என்று கேட்டார். என் அப்பாவை ஒருவர் சார் என்று கூப்பிட்டதை அதற்கு முன் நான் கேட்டதேயில்லை. அப்பாவும் அதை எதிர்பார்க்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. பதில் சொல்வதற்கு முன் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டார். எனக்கு ஒரு மசால் தோசை, அவருக்கு ஒரு காபி. டவராவிலிருந்து டம்ளருக்கும் டம்ளரிலிருந்து டவராவுக்கும் அவர் ஆற்றிய நேரத்தில் நான் பாதித் தோசையை முடித்துவிட்டேன்.

அங்கிருந்து பார்த்தால் மரத்தடியில் நின்ற கார்கள் தெரிந்தன. ஒன்றில் தட்டு மாட்டியிருந்தது. இரண்டு குழந்தைகள் முழங்காலிட்டுக் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டியிலிருந்து பதினைந்து அடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு, காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் நின்றார். மரத்தில் சாயவுமில்லை, பீடி பிடிக்கவுமில்லை, சும்மா நின்றார். அவர் ஏன் திரும்பி நிற்கிறார் என்று கேட்டேன். “சாப்பிடறவங்களப் பாக்கக் கூடாது. கூப்பிட்டாக் கேக்கணும். அந்தத் தூரம்தான்,” என்றார் அப்பா. இவ்வளவு துல்லியமாக அளந்து வைத்திருக்கிறார்களே என்று அன்று எனக்கு வியப்பாகத்தான் இருந்தது, வேறொன்றும் தோன்றவில்லை. அந்த மனிதர் ஒருமுறை இந்தப் பக்கம் திரும்பினார். அப்பா டம்ளரைச் சற்றே உயர்த்தினார். அவர் சிரித்தாரா என்று அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை.

திரும்பி வரும்போது பாதி வழியில் ஓட வேண்டியதாயிற்று. நாங்கள் அகாடமி வாசலை அடைந்தபோது மங்களம் முடிந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. மைக்கில் கார் நம்பர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வண்டியின் நம்பரும் வந்தது. அப்பா தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு போர்டிகோவுக்கு வண்டியை எடுத்துப் போனார். அந்த மைக்கில் எந்த டிரைவரின் பெயரும் வாசிக்கப்பட்டதில்லை. ஆகவே நீங்கள் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு பெயரை விட்டுவிட்டதற்கு உங்களை மட்டும் திட்டுவதும் சரியில்லைதான். திட்டிவிட்டேன். அதை அழிக்கப்போவதுமில்லை.

உங்கள் பேரனைப் பற்றிய வரிக்கும் ஒரு சொல். அவனுக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவரின் பெயர் அவன் கைபேசியில் தெரிகிறது. அவர் எந்தத் தெருவில் திரும்புகிறார் என்பதும் தெரிகிறது. நீங்கள் அவரை டெலிவரி பையன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெயரைப் படித்துக் கூப்பிடும் பழக்கம் உங்கள் பேரனுக்கு இருக்கக்கூடும். கலாசாரம் கெட்டதென்று வருந்துவதற்கு முன் அதைக் கவனித்துப் பாருங்கள்.

பூங்காவைப் பற்றி உங்களோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை. அந்த நிலம் உட்லண்ட்ஸுக்குச் சொந்தமானதன்று. 1835இல் தோன்றிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் கையில் இருந்து வழக்கில் சிக்கிய நிலம். உணவகம் 2008இல் மூடப்பட்டது, செம்மொழிப் பூங்கா 2010இல் திறக்கப்பட்டது. பழைய பெருமரங்கள் பல இன்னும் அங்கேயே நிற்கின்றன. நான் மாதத்துக்கு ஒருமுறை போகிறேன். வண்டியை வெளியே விட்டுவிட்டு எல்லோரும் நடந்துதான் உள்ளே போக வேண்டியிருக்கிறது, அது எனக்குப் பிடித்தும் இருக்கிறது. மறுபடியும் ஒரு டிரைவ்-இன் நடத்த முடியுமா என்ற கேள்வியை முதல் போடுகிறவர்களிடம் கேளுங்கள்.

இனி உங்கள் வழக்கு. நான் பார்த்தவரையில் தட்டு கண்ணாடியில்தான் மாட்டியிருந்தது. கண்ணாடியை முக்கால்வாசி இறக்கி, மேலே தெரியும் விளிம்பில் கொக்கியை மாட்டுவார்கள். கீழே ஒரு கால் கதவில் முட்டுக்கொடுத்து நிற்கும். ஆகவே நீங்களும் சரி, தம்பியும் சரி. வலது முன்பக்கக் கண்ணாடியை அந்த அளவுக்குச் சுற்றி இறக்கிவிட்டுப் போனவரின் பெயரைத் தம்பியிடம் கேட்டுப் பாருங்கள். கியர் போடுவதைப் பார்ப்பதற்காகப் பையன்கள் டிரைவர் பக்கமாகத்தான் ஒட்டிக்கொண்டிருப்பார்கள், அவருக்கு நினைவிருக்கலாம். கிடைத்தால் எழுதுங்கள்.