மேல்வரிசையில் இரண்டு கோரைப்பல்

கேள்வி: இங்கிலாந்தில் விட்பி என்ற கடற்கரை ஊரில் ஆண்டுக்கு இரண்டு தடவை 'கோத்' என்று ஒரு கூட்டம் கூடுகிறதாமே? கறுப்பு உடை, சுண்ணாம்பு அடித்த மாதிரி முகம், கல்லறைக் கல்லில் படுத்துக்கொண்டு போட்டோ வேறு. இந்த வேலையற்ற கும்பலை அந்த நாட்டு அரசு எப்படி அனுமதிக்கிறது?
(மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: 'வேலையற்ற' என்று எழுதிவிட்டீர்கள். அரசு, அனுமதி எல்லாம் அப்புறம். எனக்கு இந்த வசவோடு ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

1890 கோடையில் லண்டன் நாடகக் கொட்டகை ஒன்றின் மேலாளர் விடுமுறைக்காக விட்பிக்கு வந்தார். பெயர் பிராம் ஸ்டோக்கர். அங்கே அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. மீனவர்களோடு வம்பளந்தார். குன்றின் மேலிருக்கும் செயின்ட் மேரி தேவாலயக் கல்லறைகளில் இருந்த பெயர்களைக் குறித்துக்கொண்டார். ஐந்து வருடத்துக்கு முன்னால் டிமிட்ரி என்ற ரஷ்யக் கப்பல் அங்கே தரைதட்டிய கதையைக் கேட்டுக்கொண்டார். பொழுது போகாமல் நூலகத்துக்கும் போனார். வலாக்கியா, மால்டேவியா நாடுகளைப் பற்றி பழைய தூதர் ஒருவர் 1820-இல் எழுதிய, யாரும் சீந்தாத புத்தகம் ஒன்று கையில் கிடைத்தது. அதில் ஒரு பெயர்: டிராகுலா. ரத்தம் குடிக்கும் பிரபுவுக்கு அந்தப் பெயரைச் சூட்டி அவர் எழுதிய நாவல் 1897-இல் வந்தது. டிமிட்ரி அதில் டெமிட்டர் ஆனது. கப்பலிலிருந்து பெரிய நாய் வடிவில் குதித்து விட்பிக்குள் நுழைந்த அந்தப் பிரபு இன்றுவரை ஊரை விட்டுப் போகவில்லை. தங்கும் விடுதி, பொம்மைக் கடை, பேய் உலா நடத்துகிறவர் என்று பலருக்கு அவர்தான் படியளக்கிறார்.

பேய்க்கதை எழுதுவது வேலையற்றவன் வேலை என்று சென்னை மேடை ஒன்றில் ஒரு விமர்சகர் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பெயர் வேண்டாம், இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறார். அன்று மைக் என் கைக்கு வருவதற்குள் நன்றியுரை ஆரம்பித்துவிட்டது. அவருக்கான பதில்தான் மேலே உள்ள பத்தி. தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும்.

அந்த நூலகம் என்ன ஆயிற்று தெரியுமா? அது இருந்த கட்டடத்தில் இப்போது மீனும் உருளைக்கிழங்கும் பொரித்து விற்கிறார்கள். கிளை நூலகங்கள் பற்றி நான் புலம்புவது இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்குப் பழகிப்போன தலைவலி. ஆனால் ஒன்று. விட்பியில் நூலகம் போன இடத்தில் மீனாவது கிடைக்கிறது. நம்மூரில் பூட்டு மட்டும்தான் மிச்சம்.

சரி, கோத்களுக்கு வருகிறேன். எழுபதுகளின் கடைசியில், பங்க் இசையின் கூச்சல் அடங்கிய நேரத்தில் பவ்ஹவுஸ், சூசி அண்ட் தி பான்ஷீஸ் மாதிரிக் குழுக்கள் இருண்ட, கனத்த இசை ஒன்றைக் கொண்டுவந்தன. விட்பி இருக்கும் அதே யார்க்‌ஷயரில், லீட்ஸ் நகரத்திலிருந்து சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி வந்தார்கள். அந்த இசையைக் கேட்டவர்கள் அந்த மாதிரி உடுத்தினார்கள். அவ்வளவுதான் சங்கதி. 1994-இல் ஜோ ஹாம்ப்‌ஷயர் என்ற பெண் தன் பேனா நண்பர்கள் சுமார் நாற்பது பேரை விட்பியில் எல்சினோர் என்ற மதுக்கடையில் சந்திக்க வைத்தார். அதுதான் வளர்ந்து வளர்ந்து, வசந்தத்தில் ஒன்று, அக்டோபர் கடைசியை ஒட்டி ஒன்று என 'விட்பி கோத் வீக்கெண்ட்' ஆனது. கடிதம் எழுதிக்கொண்ட நாற்பது பேர், ஐயா! நம் பத்திரிகையில் பேனா நண்பர்கள் பகுதியை 'இடத்துக்குப் பிடித்த கேடு' என்று நிறுத்திய பழைய நிர்வாகத்துக்கு இந்த வரியைச் சமர்ப்பிக்கிறேன். அந்த இடத்தில் வந்தது பல்பொடி விளம்பரம்.

இவர்கள் யாரும் வேலையற்றவர்கள் இல்லை. லீவு போட்டுவிட்டு, பல மாதம் முன்பே அறை பிடித்து, பணம் செலவழித்து வருகிறவர்கள். கோடைக் கூட்டம் கலைந்து, வடகடல் காற்று ஊரைக் காலிசெய்யும் பருவத்தில் விடுதிகள் நிரம்புகின்றன. கடைக்காரர்களிடம் போய் இந்தக் கும்பலைத் தடை செய்யலாமா என்று கேட்டுப் பாருங்கள். பொரித்த மீன் கிடைக்காது.

கறுப்பும் அந்த ஊருக்குப் புதிது இல்லை. விட்பியின் பாறைகளில் ஜெட் என்று ஒரு கறுப்புப் பொருள் கிடைக்கிறது. கல் மாதிரி இருந்தாலும் மரம். ஏறக்குறைய 18 கோடி ஆண்டுக்கு முன்பு கடலில் மூழ்கிப் புதைந்த மரம். 1861-இல் கணவர் ஆல்பர்ட் இறந்ததும் விக்டோரியா மகாராணி ஜெட் நகை அணிந்தார், நாடே அணிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விட்பியில் அதைக் கடைந்து பிழைத்தார்கள். 1901-இல் சாகும்வரை மகாராணி கறுப்பைக் கழற்றவில்லை. நாற்பது வருடம்! வார இறுதிக்கு மட்டும் கறுப்பு கட்டுகிறவர்கள் அவர் பக்கத்தில் நிற்க முடியுமா? வேலையற்ற என்ற பேச்சு அவர் விஷயத்திலும் எழுந்தது. 1864-இல் யாரோ ஒரு குறும்புக்காரர் பக்கிங்காம் அரண்மனை வேலியில், குடியிருந்தவரின் தொழில் நொடித்துப்போனதால் இந்தக் கட்டடம் வாடகைக்கோ விலைக்கோ விடப்படும் என்று அறிவிப்பு மாட்டிவிட்டார். மன்னார்குடி வாசகர் கொஞ்சம் முன்னாலேயே பிறந்து, அங்கே போயிருந்தாரோ என்று சந்தேகம்.

கல்லறை விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். யாரோ ஒருவருடைய பாட்டனார் உறங்கும் கல்லில் சாய்ந்து படம் பிடிப்பது அசிங்கம். ஊர்க்காரர்களும் தேவாலயத்தாரும் கண்டித்திருக்கிறார்கள். பழைய கோத்களுக்கும் இது பிடிக்காது. படுப்பவரை விட, 'இன்னும் கொஞ்சம் சாயுங்க' என்று ஆணையிடும் புகைப்படக்காரர்தான் குற்றவாளி என்பது என் கட்சி. தாலி கட்டும் மாப்பிள்ளையை நிறுத்தி, மறுபடி கட்டச் சொல்லும் அதே இனம்.

ஆனால் அந்தத் தேவாலயத்தின் நிஜமான தொல்லை வேறு. 199 படி ஏறி, மூச்சு வாங்க உள்ளே வந்து, 'டிராகுலாவைப் புதைத்த இடம் எது?' என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் கோத்கள் இல்லை. குழந்தை குட்டிகளோடு வந்த, வேலையுள்ள குடும்பஸ்தர்கள். பாவம், தேவாலயச் சேவகர் என்ன சொல்வார்? டிராகுலா கற்பனைப் பாத்திரம் என்பது ஒன்று. கதைப்படியே பார்த்தாலும் அவர் செத்தது விட்பியில் இல்லை, டிரான்சில்வேனியாவில். செத்ததும் உடம்பு தூளாகிக் காற்றோடு போய்விட்டது, புதைக்க ஒன்றும் இல்லை. தவிரவும், இருக்கும்போதே சவப்பெட்டியில் படுத்தவருக்குத் தனியாக எதற்குக் கல்லறை? கடைசியில் தயவுசெய்து டிராகுலாவின் கல்லறை எங்கே என்று கேட்காதீர்கள் என்று அறிவிப்பே வைத்துவிட்டார்கள். நாவலைப் புரட்டியிருந்தால் 199 படி மிச்சம்.

இப்போது அனுமதி. 2022-இல், நாவல் வெளிவந்து 125 ஆண்டு ஆனதைக் கொண்டாட, விட்பியின் பழைய மடத்தைப் பராமரிக்கும் இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் அமைப்பே ஊரைக் கூட்டியது. 1,369 பேர் ரத்தக்காட்டேரி வேடத்தில் ஒரே இடத்தில் நின்று உலக சாதனை செய்தார்கள். வேடத்துக்கு விதிமுறை உண்டு: கறுப்புக் காலணி, மேலங்கி, மேல்வரிசையில் கோரைப்பல். ஒவ்வொருவரின் வாயையும் பார்த்துக் கணக்கு எடுத்தவருக்கு அது உத்தியோகம் என்பதைக் கவனியுங்கள்.

அந்த மடம் இன்று இடிபாடு. ஒரு காலத்தில் ஹில்ட் என்ற பெண் துறவி அங்கே தலைவியாக இருந்தார். 664-இல் பாதிரிமார்கள் அங்கே கூடி, ஈஸ்டரை எந்தக் கணக்கில் கொண்டாடுவது என்று சண்டை போட்டார்கள். கூடவே இன்னொரு வழக்கு: துறவி தலையை எப்படி மழிப்பது, உச்சியில் வட்டமாகவா, காதுக்குக் காது முன்பக்கமாகவா? ஓஸ்வியு ராஜா உட்கார்ந்து கேட்டு, ரோமாபுரி பக்கம் தீர்ப்புச் சொன்னார். முடி அலங்காரத்துக்காக அந்த ஊரில் அரசு கூடியது அப்போதுதான்.

ஒரு விஷயம் மட்டும் சிரிப்பில் சேராது. 2007 ஆகஸ்டில் லங்காஷயரின் பேக்கப் என்ற ஊரில், பூங்காவில் சோஃபி லங்காஸ்டர் என்ற 20 வயதுப் பெண்ணையும் அவள் காதலனையும் பையன்கள் கூட்டம் ஒன்று தாக்கியது. அவர்கள் கோத் கோலத்தில் இருந்தார்கள், வேறு காரணம் இல்லை. விழுந்து கிடந்த காதலனின் தலையை மடியில் ஏந்தியிருந்த சோஃபியையும் மிதித்தார்கள். அவன் பிழைத்தான். அவள் சில நாளில் இறந்தாள். விட்பியில் அவள் நினைவாக ஒரு பெஞ்சு இருக்கிறது. 2013-இல் கிரேட்டர் மான்செஸ்டர் காவல்துறை, இப்படி உடுத்துபவர்கள் மீது அதற்காகவே நடக்கும் தாக்குதலை, இனம், மதம் பார்த்து நடக்கும் தாக்குதலைப் போலவே வெறுப்புக் குற்றமாகப் பதிவு செய்யத் தொடங்கியது. இந்தக் கும்பல் விஷயத்தில் அங்கே எடுக்கப்பட்ட நடவடிக்கை அதுதான்.