கடலோரத்துக் கேள்விகள்: பணம் போனால் முதலில் யாரிடம் சொல்வது?

இந்த முறை வந்த கடிதங்கள் ஏறக்குறைய எல்லாமே செல்போனைப் பற்றித்தான். தொண்டி தொடங்கி கீழக்கரை வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லோருக்குமே ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

மீன்பிடித் தடைக்கால நிவாரணம் இன்னும் வராதவர்கள் இந்த ஆப்பில் பதிவு செய்யுங்கள் என்று எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அனுப்பியவர் சொந்தக்காரர் என்பதால் நம்பி ஏற்றினேன். ராத்திரியே அக்கவுண்டில் இருந்த 18,000 ரூபாய் போய்விட்டது. யாருக்கும் ஓடிபி சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லப் பயமாக இருக்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா? – வாசகி, தங்கச்சிமடம்

உங்களுக்குப் போனிலேயே சொல்லிவிட்டோம், மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். ஓடிபியை நீங்கள் சொல்லவில்லை, சரி, ஆனால் அந்த ஆப் ஏறும்போது மெசேஜைப் படிக்க அனுமதி கேட்டிருக்கும், நீங்களும் சரி சரி என்று அழுத்திக்கொண்டே போயிருப்பீர்கள். அதற்கப்புறம் பேங்கிலிருந்து உங்களுக்கு வரும் ஒவ்வொரு ஓடிபியும் அவனுக்கும் போகும். ஏபிகே என்று முடிகிற எந்த ஃபைல் வாட்ஸ்அப்பில் வந்தாலும், கல்யாணப் பத்திரிகை என்றாலும் போக்குவரத்து அபராதம் என்றாலும், திறக்காதீர்கள். உங்கள் சொந்தக்காரர் வேண்டுமென்றே அனுப்பியிருக்க மாட்டார். அவர் போனில் ஏறிய ஆப்பே அவர் பெயரில் எல்லாக் குழுவுக்கும் அனுப்பியிருக்கலாம், அவரையும் உடனே எச்சரியுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்துக்கு அரசு கொடுக்கிற நிவாரணம் மீன்வளத் துறை வழியாகப் பேங்க் கணக்குக்கே வருகிறது. வரவில்லை என்றால் மீன்வளத் துறை அலுவலகத்திலோ மீனவர் சங்கத்திலோ போய்க் கேளுங்கள். ஊரில் எல்லோரும் எதிர்பார்த்துக் காத்திருக்கிற பணம் எது என்று தெரிந்துகொண்டுதான் இவன்கள் அதன் பெயரில் வலை விரிக்கிறார்கள்.

பணம் போனது தெரிந்த நிமிஷமே அந்தப் போனின் நெட்டை அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் போனிலிருந்து சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அடியுங்கள். நாடு முழுவதற்கும் இந்த ஒரே எண்தான். உங்கள் கணக்கிலிருந்து போன பணம் அடுத்தவன் கணக்கில் உட்கார்ந்திருப்பது கொஞ்ச நேரம்தான், அங்கிருந்து பத்துப் பேர் கணக்குக்குப் பிரிந்து கடைசியில் ஏடிஎம்மில் நோட்டாக வெளியே வந்துவிடும். அதற்குள் 1930இல் பதிவானால் வழியில் இருக்கிற பேங்குகளில் அதை நிறுத்தி வைக்க முடியும். மறுநாள் சொல்வதற்கும் அரை மணி நேரத்தில் சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அடுத்து பேங்குக்குச் சொல்லி கார்டு, நெட்பேங்கிங், யூபிஐ எல்லாவற்றையும் முடக்கச் சொல்லுங்கள். அப்புறம் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரை எழுத்தாகப் பதிவு செய்து அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். போனை முழுதாக அழித்துப் புதிதாக அமைக்கிற வரைக்கும் அதில் பணம் சம்பந்தப்பட்ட எதையும் தொடாதீர்கள்.

ரிசர்வ் பேங்க் 2017 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறது. நம் கவனக்குறைவால் போன பணம் என்றால், பேங்குக்குத் தெரிவிக்கிற வரை ஆன நஷ்டம் நம் தலையில், தெரிவித்த பிறகு ஆகிற நஷ்டம் பேங்க் தலையில். நம் மேலும் தப்பில்லை, பேங்க் மேலும் தப்பில்லை, வேறெங்கோ ஓட்டை என்றால் மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நமக்கு நஷ்டமே கிடையாது. இரண்டிலுமே சொன்ன நேரத்துக்குத்தான் மதிப்பு. வீட்டுக்காரரிடமும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அந்தக் கணக்கில் அவர் பெயரும் இருந்தால் பேங்கில் அவர் கையெழுத்தும் கேட்கலாம்.

கருவாடு மொத்தமாக வேண்டும், ராணுவ கேன்டீனுக்கு என்று ஒருவர் பேசுகிறார். முன்பணம் அனுப்ப க்யூஆர் கோடு அனுப்பியிருக்கிறார், அதை ஸ்கேன் செய்து பின் போடச் சொல்கிறார். போடலாமா? – வியாபாரி, மண்டபம்

போடவே போடாதீர்கள். யூபிஐயில் பின் போட்டால் பணம் உங்களிடமிருந்து போகும், வராது. வருகிற பணத்துக்கு ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம்.

எங்கள் படகுகளை இலங்கை நேவி பிடித்த செய்தி வந்தால் ஃபேஸ்புக்கில் கோபமாக எழுதுகிறோம். யாழ்ப்பாணத்துக்காரர்கள் பதிலுக்குத் திட்டுகிறார்கள், நாங்களும் திட்டுகிறோம். இதற்கெல்லாம் கேஸ் போடுவார்களா? – இளைஞர், ராமேஸ்வரம்

கோபம் வருவது நியாயம் தம்பி. சொந்த அண்ணன் இன்னொரு நாட்டுச் சிறையில் இருக்கும்போது யாருக்கும் வாய் சும்மா இருக்காது. சட்டத்தைக் கேட்டதால் சொல்கிறேன். இணையத்தில் மனம் புண்படும்படி எழுதினாலே கைது என்றிருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அடியோடு ரத்து செய்துவிட்டது. அரசைக் கேள்வி கேட்கலாம், நேவியைக் கண்டித்து எழுதலாம். ஆனால் ஒரு இனத்தின் மீதோ மதத்தின் மீதோ பகை மூட்டுகிற மாதிரி எழுதினால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவு இருக்கிறது, பொய்ச் செய்தி பரப்பிக் கலவரத்துக்கு வழி செய்தால் 353 இருக்கிறது. ஃபார்வர்டு செய்தவரும் இதில் மாட்டுவார்.

கேஸை விட எனக்குப் பெரிய கவலை இரண்டு இருக்கிறது. ஒன்று, படகு பிடிபட்ட அன்றைக்கு ஓடுகிற பெயர்ப் பட்டியல். யாரோ பழைய பட்டியலை எடுத்துப் போட, கரையில் இருக்கிற ஒரு அம்மா அதில் மகன் பெயரைப் பார்த்து மயங்கி விழ, அவன் சாயங்காலம் மீனோடு வந்து இறங்குகிறான். இன்னும் கொடுமை, ரத்தக் காயத்தோடு எங்கேயோ எடுத்த படத்தை நம் ஆள் என்று போடுவது. விசைப்படகு கடலுக்குப் போகும் முன் மீன்வளத் துறை டோக்கன் கொடுக்கிறது, அதனால் எந்தப் படகு போயிருக்கிறது என்பது அந்த அலுவலகத்துக்குத் தெரியும். படகில் யார் யார் என்பது படகு உரிமையாளருக்குத் தெரியும். இந்த இருவரில் ஒருவரிடமாவது கேட்காமல் எந்தப் பட்டியலையும் தயவுசெய்து அனுப்பாதீர்கள். அந்தப் பட்டியலுக்குக் கீழே 'குடும்பத்துக்கு உதவுங்கள்' என்று ஒரு ஜிபே எண் ஒட்டியிருந்தால் சங்கத்திடம் கேட்டு உறுதி செய்துகொண்டு பணம் அனுப்புங்கள். துயரம் நடந்த அன்று வசூலிக்கக் கிளம்புகிறவன் எல்லா ஊரிலும் இருக்கிறான்.

இரண்டாவது, அந்தப் பக்கத்து ஆட்களைத் திட்டுவது. அங்கேயும் கடலை நம்பிப் பிழைக்கிற தமிழ்க் குடும்பங்கள்தான். இருபத்தைந்து வருஷத்துக்கும் மேல் நடந்த போரில் கடலுக்கே போக முடியாமல் கிடந்தவர்கள், நம் விசைப்படகுகள் கடலடியில் இழுத்துப் போகிற இழுவைமடி வலை தங்கள் வலையை அறுத்துக்கொண்டு போகிறது என்பது அவர்கள் வாதம். அந்த நாட்டில் 2017லேயே இழுவைமடிக்குச் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். நமக்கு நம் வாதம் இருக்கிறது, அதைப் பேசுவோம். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் ஒரே கோயிலில் நின்று கும்பிடுகிறவர்கள், முகம் தெரியாத ஐடியில் வந்து ஒருவர் வீட்டுப் பெண்களை ஒருவர் கேவலமாகப் பேசுவதை என்னால் தாங்க முடியவில்லை. அந்த ஐடிகளில் எத்தனை உண்மையான மீனவர்களுடையது என்று ஒரு முறை உள்ளே போய்ப் பாருங்கள். போட்டோ இல்லாத, போன வாரம் தொடங்கிய கணக்காக இருந்தால் பதிலே போடாதீர்கள்.

நான் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறேன். எங்கள் லாட்ஜ் பெயரில் போலி வெப்சைட் போட்டு யாரோ அட்வான்ஸ் வாங்குகிறார்கள். விடிகாலையில் ரயில் இறங்கி வயதானவர்களோடு வருகிறவர்கள் போனில் ரசீதைக் காட்டி ரூம் கேட்கிறார்கள். எங்களைத் திருடன் என்கிறார்கள். – ராமேஸ்வரம்

2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்ததைத் தொடர்ந்து வெளியூர்க் கூட்டம் அதிகம், அதனால் இந்த வேலையும் அதிகம். அதே மாதம் மத்திய உள்துறையின் சைபர் குற்றத் தடுப்பு மையமே புண்ணியத் தலங்களுக்கு வருகிறவர்களைக் குறிவைத்து நடக்கிற புக்கிங் மோசடி பற்றி எச்சரித்தது. முதலில் கூகுள் மேப்பில் உங்கள் லாட்ஜைத் தேடிப் பாருங்கள். அதில் இருக்கிற போன் நம்பர் உங்களுடையதுதானா? வெளியாட்களும் அதை மாற்றச் சொல்லிப் பரிந்துரைக்கலாம், அப்படி நம்பர் மாறிக் கிடப்பது நிறைய நடக்கிறது. முதலாளி பெயரில் அந்தப் பக்கத்தை உரிமை கோரிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். போலி வெப்சைட்டைப் படம் எடுத்து, பணம் போன கணக்கு விவரத்தோடு நீங்களே புகார் கொடுக்கலாம், ஏமாந்தவர்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. விடிகாலையில் வந்து நிற்கிறவர்களுக்கு ஒரு உதவி செய்யுங்கள். அவர்கள் கோபத்தைப் பொறுத்துக்கொண்டு உட்காரவைத்து, அவர்கள் போனிலிருந்தே 1930க்கு அடித்துக் கொடுங்கள். ஹிந்தி, பெங்காலி பேசுகிறவர்களுக்கு நம்மூரில் யாரிடம் போவது என்றே தெரியாது.

இன்ஸ்டாகிராமில் என் போட்டோவை அசிங்கமாக மாற்றி ஒருவன் அனுப்பினான். பணம் தராவிட்டால் எல்லோருக்கும் அனுப்புவேன் என்கிறான். வீட்டில் தெரிந்தால் காலேஜை நிறுத்திவிடுவார்கள். – மாணவி, பெரியபட்டினம்

தங்கச்சி, நீ ஒரு தப்பும் செய்யவில்லை. இதை முதலில் மனசில் ஏற்றிக்கொள். பணம் கொடுக்காதே, கொடுத்தால் அடுத்த வாரம் இன்னும் கேட்பான். கெஞ்சவும் வேண்டாம். அவன் அனுப்பியது எல்லாவற்றையும் ஐடி பெயர், தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடு, அதற்கப்புறம்தான் ரிப்போர்ட், பிளாக் எல்லாம். அவசரத்தில் முதலிலேயே அழித்துவிட்டால் சாட்சி போய்விடும். ஸ்டாப்என்சிஐஐ என்று ஒரு தளம் இருக்கிறது. போட்டோவை நீ அங்கே ஏற்ற வேண்டியதில்லை, உன் போனிலேயே அதற்கு ஒரு ரேகை எண் தயாராகி அது மட்டும் போகும், இன்ஸ்டா, ஃபேஸ்புக் போன்றவற்றில் அந்தப் படம் ஏறப் பார்த்தால் தடுக்கும். உனக்குப் பதினெட்டு முடியவில்லை என்றால் அதே வேலையை டேக்இட்டவுன் என்ற தளம் செய்யும், குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் பேசலாம். சைபர் கிரைம் தளத்தில் பெண்கள், குழந்தைகள் மீதான குற்றத்துக்குப் பெயர் சொல்லாமலே புகார் கொடுக்க வழி இருக்கிறது. உன் பெயரோடு கொடுத்தால் விசாரணை நன்றாக நடக்கும். 181 பெண்களுக்கான உதவி எண், என்ன செய்வதென்று தெரியாவிட்டாலும் கூப்பிடு.

வீட்டில் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். லாத்தாவோ சாச்சியோ காலேஜில் ஒரு மேடமோ, யார் முதலில் கத்தாமல் காது கொடுப்பாரோ அவரிடம் போ. இதைப் படிக்கிற வாப்பாமார்களுக்கும் அப்பாக்களுக்கும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் பெண் பயந்துகொண்டு வந்து சொன்னால் போனையும் படிப்பையும் பிடுங்காதீர்கள். நீங்கள் பிடுங்குவீர்கள் என்பதுதான் அவனுடைய முழு பலம்.

மும்பை போலீஸ் என்று வீடியோ காலில் வந்து என்னை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருப்பதாகச் சொன்னார்கள். துண்டித்துவிட்டேன். பின்னால் ஏதும் வருமா? – ஓய்வு பெற்ற ஆசிரியர், தொண்டி

ஒன்றும் வராது. டிஜிட்டல் அரெஸ்ட் என்று நம் சட்டத்தில் எதுவுமே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே மனதின் குரல் நிகழ்ச்சியில் இதைச் சொன்னார். எந்தப் போலீசும் வீடியோ காலில் வாக்குமூலம் வாங்குவதில்லை, பணத்தைச் சரிபார்க்க அனுப்பு என்று கேட்பதில்லை. அந்த நம்பரை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் புகார் செய்துவிடுங்கள்.

புயல் என்றால் வாய்ஸ் மெசேஜ் நூறு வருகிறது. எதை நம்புவது? – மீனவர், பாம்பன்

உங்கள் ஊர்த் துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டை நம்புங்கள். 1, 2 என்றால் தூரத்தில் இருக்கிறது, 3 என்றால் உங்கள் பக்கமே பலத்த காற்று. வாய்ஸ் மெசேஜில் 'பத்தாம் நம்பர் ஏற்றிவிட்டார்கள்' என்று கேட்டால் நேரே போய்ப் பாருங்கள், பக்கம்தானே. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது, அப்படி ஒரு நாளில் உண்மையான எச்சரிக்கை பழைய சுனாமி வீடியோக்களுக்கு நடுவே காணாமல் போகக் கூடாது. பேரிடர் பற்றிப் பொய்யாகப் பீதி கிளப்பினால் 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒரு வருஷம் வரை சிறை உண்டு, குழு அட்மின்கள் இதை எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

தம்பிக்குக் கம்போடியாவில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் ஆயிரம் டாலர் என்று ஏஜென்ட் சொல்கிறார். ஒன்றரை லட்சம் கேட்கிறார். பாங்காக் வரை டிக்கெட் போட்டாகிவிட்டது, அங்கிருந்து ஆள் வந்து கூட்டிப் போவாராம். அனுப்பலாமா? – கீழக்கரை

அனுப்பாதீர்கள். இவ்வளவு நேரம் நான் எழுதிய மோசடி அழைப்புகளில் பல, இப்படி வேலைக்கென்று கூட்டிப்போன பையன்களை உட்காரவைத்துப் பேச வைப்பதுதான். கம்போடியா, லாவோஸ், மியான்மரின் மியாவாடி, இந்த இடங்களில் காம்பவுண்டுக்குள் அடைத்து, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, ஏமாற்ற மறுத்தால் அடிக்கிறார்கள். நம் மாநிலத்துப் பையன்களையே அரசு மீட்டுக் கொண்டு வந்திருக்கிறது. வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போய் வருகிற சபுராளிகள் நிறைந்த ஊர் உங்களுடையது, முறையான வெளிநாட்டு வேலை எப்படி வரும் என்று உங்கள் தெருவிலேயே பத்துப் பேருக்குத் தெரியும், அவர்களிடம் இந்த ஆஃபரைக் காட்டுங்கள். கம்பெனி பெயர் போட்ட ஒப்பந்தமும் வேலை விசாவும் முன்னாலேயே கைக்கு வந்திருக்க வேண்டும், டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் பொய். மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று பார்க்கலாம். பதிவு பெற்றவரே சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், இவர் ஒன்றரை லட்சம் கேட்கிறார். சந்தேகம் இருந்தால் சென்னையில் அயலகத் தமிழர் நலத் துறையிடம் கேளுங்கள். டிக்கெட் பணம் போனால் போகட்டும். தம்பியின் பாஸ்போர்ட் ஏஜென்ட் கையில் இருந்தால் நாளைக் காலையில் பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் முதலில் அதை வாங்குங்கள்.