பெருஜாவில் புருஸ்கெத்தா செய்ய அந்தச் சப்பென்ற ரொட்டிதான் சரி

தம்பி, இத்தாலியின் பெருஜாவுக்குப் படிக்க வந்த இடத்தில், உடன் தங்கியிருக்கும் இத்தாலிய மாணவர்கள் இந்தச் சனிக்கிழமை ஆளுக்கொன்று சமைத்துச் சேர்ந்து சாப்பிடலாம் என்கிறார்கள், நான் சைவம், புருஸ்கெத்தா செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சுட்ட ரொட்டியில் பூண்டு தேய்த்து, மேலே தக்காளி வைத்துச் சாப்பிடுவதுதான் அது. கடையில் வாங்கிய ரொட்டியில் உப்பே இல்லை, அதையே வைத்துச் செய்யலாமா என்றும் கேட்டீர்கள். தாராளமாகச் செய்யலாம். பெருஜா இருக்கும் இந்த உம்பிரியா வட்டாரத்தில் ரொட்டியே அப்படித்தான்.

ஊருக்குள் போக நகரும் படிக்கட்டில் ஏறும்போது ஒரு பழைய கோட்டைக்குள் புகுந்து வருகிறீர்கள் அல்லவா? அதுதான் ரோக்கா பவுலினா. 1540-ல், அன்று இந்த ஊரும் போப்பின் ஆட்சியில் இருந்தபோது, போப் மூன்றாம் பால் உப்பு விலையை ஏற்றினார். பெருஜா மக்கள் எதிர்த்து நின்று தோற்றார்கள். ஊரை அடக்கி வைக்க அவர் கட்டிய கோட்டை அது. அந்த உப்பு எங்களுக்கு வேண்டாம் என்று அன்று தொடங்கியதுதான் உப்பில்லா ரொட்டி என்று இங்கே சொல்வார்கள். அதற்கு முன்பிருந்தே இப்படித்தான் சுட்டார்கள் என்பவர்களும் உண்டு. எப்படியானாலும் புருஸ்கெத்தாவுக்கு இதுதான் பொருத்தம். தக்காளிக்கு நன்றாக உப்புப் போடுகிறோம். ரொட்டியிலும் உப்பு இருந்தால் கரித்துவிடும்.

ரொட்டிக் கடையில் 'பானே ஷாபோ', அதாவது உப்பில்லா ரொட்டி, என்று கேளுங்கள். முதல் நாள் ரொட்டியாக இருந்தால் இன்னும் நல்லது. ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். பாலித்தீன் பையில் வரும் சதுர ரொட்டி வேண்டவே வேண்டாம்.

நான்கு பேருக்கு எட்டுத் துண்டு ரொட்டி, அரைக் கிலோ தக்காளி போதும். செப்டம்பர் முடியும்வரை சந்தையில் நல்ல தக்காளி வரும். நன்றாகச் சிவந்தும் கெட்டியாகவும் இருப்பதைப் பார்த்து வாங்குங்கள், ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், மணம் போய்விடும். விதையையும் நீரையும் எடுத்துவிட்டுச் சிறு துண்டுகளாக நறுக்கி, உப்புப் போட்டு, வடிகட்டியில் கால் மணி நேரம் விடுங்கள். இந்த வேலையைத் தவிர்த்தால் ரொட்டி கூழாகிவிடும். அப்புறம் மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், கையால் கிள்ளிய பசிலிக்கோ இலை. நம் ஊர்த் திருநீற்றுப்பச்சிலை இதே இனம்தான். துளசி வேறு, அதைப் போட்டால் இந்த மணம் வராது. வெங்காயம், எலுமிச்சை, பச்சை மிளகாய் என்று கை போகும். இந்த ஒரு தடவை கையைக் கட்டிக்கொள்ளுங்கள். பால்சாமிக் வினிகரும் வேண்டாம், தக்காளியின் புளிப்பே போதும்.

ஊரிலிருந்து இரும்புத் தோசைக்கல் கொண்டு வந்திருந்தால் அதை எடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய் விடாமல் ரொட்டியை இருபுறமும் சுடுங்கள். ஓரங்களில் கொஞ்சம் கருக வேண்டும், நடுவில் மென்மை இருக்க வேண்டும். எடுத்த சூட்டிலேயே, பாதியாக வெட்டிய பூண்டுப் பல்லை அதன்மேல் இரண்டு தடவை தேயுங்கள். மொறுமொறுப்பான பரப்பே பூண்டைத் துருவி இழுத்துக்கொள்ளும். பூண்டைப் பொடியாக நறுக்கித் தக்காளியில் கலக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, சாப்பிட்டு முடித்த பிறகும் வாயில் பூண்டு மட்டும்தான் நிற்கும்.

தக்காளியை ரொட்டியில் வைப்பது எல்லாரும் உட்கார்ந்த பிறகு, கடைசி நிமிடத்தில். வேறு வீட்டில் விருந்து என்றால் தக்காளியை டப்பாவில் எடுத்துப் போய் ரொட்டியை அங்கேயே சுடுங்கள்.

சைவம் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே உணவகங்களில் ஒரே தட்டில் பலவகை ரொட்டித் துண்டுகள் வரும், கிரொஸ்தினி மிஸ்தி என்பார்கள். அதில் பழுப்பாகத் தடவியிருப்பது பெரும்பாலும் கோழி ஈரல். கேட்காமல் எடுக்காதீர்கள். உங்கள் தட்டில் அந்தக் கவலை இல்லை. நண்பர்களோடு நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

கையில் காசு குறைவாக இருந்தாலும் எண்ணெயில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். எக்ஸ்ட்ரா வெர்ஜினே என்று போட்ட, இந்த வட்டாரத்து எண்ணெயாக ஒரு சின்னப் புட்டி வாங்குங்கள். தொண்டையில் லேசாகக் காறினால் பயப்பட வேண்டாம், நல்ல எண்ணெயின் குணம் அது. நவம்பரில் புது எண்ணெய் வந்துவிடும். பக்கத்து ஊரான ஸ்பெல்லோவுக்கு ரயிலிலேயே போகலாம். அங்கே எண்ணெய் ஆலைகளில், சுட்ட ரொட்டியில் பூண்டு தேய்த்து, பச்சை நிறத்தில் புது எண்ணெய் ஊற்றித் தருவார்கள். அப்போது தக்காளிப் பருவம் முடிந்திருக்கும், அது இல்லாமலே சாப்பிட்டுப் பாருங்கள்.