பழைய இராணுவ லாரிக்குப் பெரிய டர்போ: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் டென்வர் நகரில் வசிக்கிறேன். இராணுவம் கழித்துவிட்ட எம்35ஏ2 லாரி ஒன்றை ஏலத்தில் வாங்கிச் சீர்செய்து ஓட்டி வருகிறேன். எஞ்சின் எல்டிடி-465-1சி. ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசனோவர் சுரங்கப்பாதையை நோக்கி ஏறும்போது வண்டி திணறுகிறது, கரும்புகையும் தள்ளுகிறது. பெரிய டர்போ பொருத்தினால் இந்தக் குறை தீருமா?

பதில்: டர்போ என்பது எஞ்சினின் புகையால் சுழன்று, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்பும் கருவி. அதைப் பெரிதாக்கினால் புகை தீரும், வெப்பமும் தணியும். திணறல் ஓரளவுதான் தீரும். இதற்கான காரணம் உங்கள் எஞ்சினின் பிறப்பிலேயே இருக்கிறது.

கான்டினென்டல் நிறுவனத்தின் இந்த 7.8 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின், டீசல் கிடைக்காத இடத்தில் மண்ணெண்ணெயோ விமான எரிபொருளோ, அவசரத்துக்குப் பெட்ரோலோ ஊற்றினாலும் ஓட வேண்டும் என்ற எண்ணத்தில், ஜெர்மனியின் மான் நிறுவனத்தில் மோயரர் என்ற பொறியாளர் வகுத்த முறையைத் தழுவி அமைக்கப்பட்டது. இதில் எரிபொருளின் பெரும்பகுதி காற்றின் நடுவே தூவப்படாமல், பிஸ்டனின் தலையிலுள்ள உருண்டைக் குழியின் சுவரில் மெல்லிய படலமாகப் படிந்து, சுழன்று வரும் காற்றில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி எரிகிறது. டர்போ இல்லாத எல்டி-465 எஞ்சின் அதிகமாகப் புகைத்ததால், அந்தப் புகையைக் குறைக்கவே எல்டிடி வகையில் டர்போ சேர்க்கப்பட்டது. குதிரைத்திறன் அப்போதும் 130க்கும் 140க்கும் இடையிலேயே நின்றது. வெறும் வண்டியே ஏறத்தாழ 6 டன் எடையுள்ளது என்பதால், மலைப்பாதையில் அது ஊர்ந்து ஏறுவதை ஒரு கோளாறு என்று சொல்லிவிட முடியாது.

உங்கள் ஊரின் உயரம் இதோடு சேர்ந்துகொள்கிறது. டென்வர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்திலும், சுரங்கப்பாதை சுமார் 3,400 மீட்டர் உயரத்திலும் உள்ளன. சுரங்கத்தின் வாயிலில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆனால் எரிபொருள் பம்ப் உயரத்தை அறியாது, கீழே அனுப்பிய அதே அளவு டீசலை மேலேயும் அனுப்புகிறது. எரியக் காற்றுப் போதாத டீசல்தான் நீங்கள் கண்ணாடியில் பார்க்கும் கரும்புகை. ஆகவே, சமவெளியில் இதே லாரியை ஓட்டுபவருக்கு டர்போ மாற்றம் பெரும்பாலும் ஆசைச் செலவு என்றே சொல்வேன். உங்களுக்கு அது நியாயமான செலவுதான்.

எந்த டர்போ என்பதை விலையையும் தோற்றத்தையும் வைத்து முடிவு செய்யக் கூடாது. கணக்கு வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் எஞ்சினின் உச்ச வேகம் 2,600 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 2,600 சுற்று மட்டுமே. நான்கு வீச்சு எஞ்சின் ஆதலால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் 7.8 லிட்டர் காற்றை உறிஞ்சும். இழப்பைக் கழித்தால் நிமிடத்துக்குச் சுமார் 9,000 லிட்டர், அதாவது கடல் மட்டத்தில் ஏறக்குறைய 11 கிலோ. டர்போ 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) அழுத்தம் கூடுதலாகக் கொடுத்தால், காற்று சூடாவதால் அடர்த்தி குறைவதையும் சேர்த்துப் பார்க்கையில், இது 15 கிலோ அளவுக்கு உயரும். கம்மின்ஸ் 5.9 லிட்டர் எஞ்சினில் வந்த ஹோல்செட் எச்எக்ஸ்35 டர்போவே இந்த அளவைத் தாராளமாகத் தாங்கும். இதைவிடப் பெரியதைப் போட்டால், மெதுவாகச் சுற்றும் எஞ்சினின் புகை அதை வேகமாகச் சுழற்றப் போதாமல், ஏற்றத்தில் காற்று தேவைப்படும் நேரத்தில் அது தூங்கிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சுரங்கத்தின் அருகே வெளிக்காற்றின் அழுத்தமே சுமார் 9.7 பிஎஸ்ஐதான் என்பதால், அங்கே மீட்டரில் 10 காட்ட வேண்டுமானால் டர்போ காற்றை இரண்டு மடங்குக்கு மேல் அழுத்த வேண்டும். கடல் மட்டத்தில் அதே 10க்கு 1.7 மடங்கு போதும். மீட்டரின் முள் ஒரே இடத்தில் நின்றாலும் மலையில் டர்போவின் தண்டு அதிக வேகத்தில் சுற்றுகிறது. அதனால் எச்எக்ஸ்35 போல, தேவைக்கு மேல் சற்றே தாங்கும் திறன் மிச்சமுள்ள டர்போவையே தேர்ந்தெடுங்கள்.

பொருத்துவதற்கு இணைப்புத் தகடு தேவைப்படும். டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாய் வளைந்து நெளியாமல், சரிவாகக் கீழே இறங்க வேண்டும். அது தேங்கினால் ஆயில் சீல் வழியாகக் கசிந்து நீலப்புகையாக வரும். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, சிலிண்டர்களின் புகை வந்து சேரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், டர்போவுக்கு முன்னால், புகையின் வெப்பத்தைக் காட்டும் பைரோமீட்டர் ஒன்றைப் பொருத்துங்கள். டர்போவைத் தாண்டி வைத்தால் பாரம் இழுக்கும்போது அது நூறு டிகிரிக்கும் மேல் குறைத்துக் காட்டி ஏமாற்றும். நீண்ட ஏற்றத்தில் 650 டிகிரி செல்சியஸை எல்லையாக வைத்துக்கொண்டு, முள் அதை நெருங்கினால் கியரை இறக்கி, மிதியைத் தளர்த்துங்கள்.

கேள்வி: டர்போ மாற்றாமல், பம்பின் திருகைத் திருப்பி டீசலை மட்டும் கூட்டினால் போதாதா?

பதில்: அந்த வழியில் திறன் கூடுவது உண்மை, அந்த வழியில்தான் இந்த எஞ்சின்கள் பல பாழாகியும் இருக்கின்றன. பம்பில் எரிபொருளின் தன்மைக்கேற்ப அளவைத் திருத்தும் ஒரு கருவி உண்டு. பலர் டீசல் மட்டுமே ஊற்றுவதால் அதைச் செயலிழக்கச் செய்துவிட்டு, திருகையும் கூட்டிவிடுகிறார்கள். காற்றைக் கூட்டாமல் டீசலைக் கூட்டினால் வெப்பம் முதலில் பிஸ்டனையும், பிறகு சிலிண்டர்களின் மூடியான ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டையும் தாக்கும். மூன்று சிலிண்டருக்கு ஒரு ஹெட் வீதம் இரண்டு ஹெட் உள்ள இந்த எஞ்சினில் கேஸ்கெட்தான் வலுவற்ற இடம். இதே 7.8 லிட்டர் எஞ்சினின் எல்டிஎஸ்-465 வகையை இராணுவம் 5 டன் லாரிகளில் சுமார் 175 குதிரைத்திறனுக்குத்தான் பயன்படுத்தியது. அதைத் தாண்ட ஆசைப்படுபவர் 240 குதிரைத்திறன் கம்மின்ஸ் எஞ்சினோடு வந்த எம்939ஏ2 லாரியை வாங்குவது மலிவாகவே முடியும். முதலில் டர்போ, பிறகு பைரோமீட்டரைப் பார்த்தபடி சிறிது சிறிதாக டீசல் என்பதே சரியான வரிசை.

கேள்வி: மலையிலிருந்து இறங்கும்போது எஞ்சினுக்கு ஆபத்து உண்டா?

பதில்: ஏறும்போது இருப்பதைவிட அதிகம். சக்கரங்கள் எஞ்சினைத் தள்ளும்போது, எஞ்சினின் வேகத்துக்கேற்ப டீசலைக் கட்டுப்படுத்தும் கவர்னரால் டீசலை நிறுத்த முடியுமே தவிர வேகத்தைத் தடுக்க முடியாது. 2,600 ஆர்பிஎம்மைத் தாண்டினால் கனெக்டிங் ராட் உடைந்து பிளாக்கைத் துளைத்துவிடக்கூடும். இது எந்த டர்போ போட்டாலும் மாறாது. இறக்கத்தின் தலைப்பிலேயே தகுந்த கியருக்கு மாறி, வேகம் 2,400ஐத் தாண்டும் முன் பிரேக்கைப் பயன்படுத்துங்கள். அடிவாரத்தில் வண்டியை நிறுத்திய பின் மூன்று நான்கு நிமிடம் எஞ்சினை வெறுமனே ஓடவிட்டு அணையுங்கள்.