பாட்மிண்டனில் டபுள்ஸ் மட்டும் ஆடி ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொள்ள முடியுமா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. மாவட்ட அளவில் சிங்கிள்ஸ் ஆடுகிறாள். இனிமேல் டபுள்ஸில் கவனம் செலுத்தட்டும் என்கிறார் பயிற்சியாளர். சிங்கிள்ஸ் வராதவர்களைத்தான் டபுள்ஸுக்குத் தள்ளுவார்கள் என்று மற்ற பெற்றோர் சொல்கிறார்கள். டபுள்ஸ் ஆட்டக்காரர்களின் வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்?

பதில்:

எனக்கு 18 வயது இருக்கும்போது என் பயிற்சியாளர் இதையே முகத்துக்கு நேராகச் சொன்னார். "உனக்குக் கால் ஓடல, டபுள்ஸ் ஆடு." அன்றைக்கு வீட்டுக்கு வந்து ராக்கெட்டை அலமாரி மேல் போட்டவன், ஒரு வாரம் கோர்ட் பக்கமே போகவில்லை. அப்புறம் கல்லூரியில் ஒரு சீனியர் அண்ணனோடு ஜோடி சேர்த்துவிட்டார்கள். பல்கலைக்கழகப் போட்டி வரைக்கும் ஆடினோம். இப்போது 45 வயது. கோயம்புத்தூரில் வாரம் நான்கு நாள் காலையில் இன்னும் டபுள்ஸ்தான் ஆடுகிறேன். தொழில்முறை ஆட்டக்காரனாக நான் இருந்ததில்லை. ஆனால் ஒரு தொழில்முறை டபுள்ஸ் ஆட்டக்காரரின் ஆட்டத்தை ஏறக்குறைய அவர் தொடங்கிய காலத்திலிருந்து ஓய்வு பெறும் வரை விடாமல் பார்த்திருக்கிறேன். அவர் இந்தோனேசியாவின் ஹென்ட்ரா செத்தியாவான். உங்கள் கேள்விக்கு அவர் கதையைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

நடு ஜாவாவில் பெமாலாங் என்ற ஊரில் 1984-இல் பிறந்தவர். 2005-இல் ஆசிய சாம்பியன்ஷிப் நம் ஹைதராபாத்தில் நடந்தது. அதில் மார்கிஸ் கிடோவோடு சேர்ந்து பட்டம் வென்றார். 2007-இல் அதே கிடோவோடு உலக சாம்பியன். 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக் தங்கம். சீனாவின் சாய் யுன், ஃபூ ஹாய்ஃபெங் ஜோடியை அவர்கள் மண்ணிலேயே, முதல் கேமை 12-21 என்று இழந்த பிறகு, 21-11, 21-16 என்று வென்றார்கள். கிடோவுக்குப் பிறகு முகமது அஹ்சானோடு சேர்ந்து 2013, 2015, 2019 என்று இன்னும் மூன்று உலகப் பட்டங்கள். ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2010-இல் கிடோவோடு தங்கம், 2014-இல் அஹ்சானோடு தங்கம். இரண்டு வெவ்வேறு பார்ட்னர்களோடு இவ்வளவையும் வென்றவரைப் பார்த்து "சிங்கிள்ஸ் வராதவர்" என்று யாராவது சொல்வார்களா?

அவர் ஆட்டத்தை முதல் தடவை பார்க்கும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. முகத்தில் எந்த மாற்றமும் இருக்காது, கத்த மாட்டார், கையை உயர்த்த மாட்டார். பின்னால் இருந்து எகிறி அடிப்பவர் கிடோ அல்லது அஹ்சான். கண் அங்கேதான் போகும். ஹென்ட்ரா நெட்டுக்குப் பக்கத்தில் ராக்கெட்டை மார்புக்கு முன்னால் பிடித்தபடி நிற்பார். ஆனால் அந்த ஸ்மாஷுக்கான காக் (இறகுப்பந்து) எப்படி மேலே வந்தது என்று ஒரு ராலியை, அதாவது ஒரு புள்ளிக்கான ஆட்டத்தை, பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று அடிகளுக்கு முன்பு ஹென்ட்ரா மெதுவாக எங்கோ ஒன்றைத் தட்டி வைத்திருப்பார். எதிராளிக்கு அதைத் தூக்குவதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. புள்ளி எடுத்தவர் அஹ்சான். அதற்குக் கதவைத் திறந்துவிட்டவர் ஹென்ட்ரா.

இதுதான் டபுள்ஸ். சிங்கிள்ஸ் கோர்ட்டின் அகலம் 5.18 மீட்டர், டபுள்ஸுக்கு 6.1 மீட்டர். ஒரு மீட்டர்கூட அதிகமில்லாத அந்த இடத்தில் இன்னொரு ஆளையும் நிறுத்தியாகிறது. அதனால் சும்மா ஓடி காலி இடத்தைத் தேடும் வேலை குறைந்துவிடுகிறது. சர்வ், அதை எடுப்பது, அதற்கு அடுத்த இரண்டு அடிகள், பெரும்பாலான ராலி அங்கேயே தீர்மானமாகிவிடும். சர்வ் நெட்டை ஒட்டி இம்மியளவு உயரமாகப் போனால் எதிராளி பாய்ந்து அடித்துவிடுவார். பயந்து தூக்கினால் தாக்குதலை நாமே அவர் கையில் கொடுத்ததாக ஆகும். தாக்கும்போது முன்னும் பின்னுமாக நிற்க வேண்டும், தடுக்கும்போது பக்கம் பக்கமாக. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் அந்த அரை நொடியில் இரண்டு பேரும் ஒரே விஷயத்தை நினைக்க வேண்டும். என் சீனியர் அண்ணன் முதல் நாளே சொன்னது: "காக் எங்க போகுதுன்னு திரும்பிப் பாக்காத தம்பி. நான் எங்க நிக்கிறேன்னு பாக்காமலே உனக்குத் தெரியணும்." அது எனக்கு வர ஒன்றரை வருடம் ஆனது. கால் ஓடாததற்கான தண்டனை இல்லை டபுள்ஸ், தனியாகக் கற்க வேண்டிய வேறொரு தொழில் என்று அப்போதுதான் புரிந்தது.

சரி, கஷ்டமான பக்கத்துக்கு வருகிறேன். பெற்றோராக நீங்கள் யோசிக்க வேண்டியது இது. டபுள்ஸில் தரவரிசை ஆட்டக்காரருக்குக் கிடையாது, ஜோடிக்குத்தான். பார்ட்னர் மாறினால் புது ஜோடி கீழிருந்து ஏறி வர வேண்டும். பார்ட்னருக்கு முழங்கால் போனால் உங்கள் சீசனும் போகும். பார்ட்னரை எப்போதும் நாமே தேர்ந்தெடுப்பதும் இல்லை. பயிற்சியாளரும் சங்கமும் கலைத்துச் சேர்ப்பார்கள். ஹென்ட்ராவும் கிடோவும் பிரிந்தபோது, அஹ்சானோடு அதுவரை ஆடிக்கொண்டிருந்தவர் கிடோவின் சொந்தத் தம்பி போனா செப்தானோ. அஹ்சான் ஹென்ட்ராவிடம் வந்தார், கிடோவின் தம்பி வேறு பார்ட்னர் தேட வேண்டியதாயிற்று. குடும்பத்துக்குள்ளேயே இப்படி நடக்கும் தொழில் இது.

2016 ரியோ ஒலிம்பிக்கில் உலக சாம்பியன்களாகப் போன ஹென்ட்ரா-அஹ்சான் ஜோடி குரூப் சுற்றிலேயே வெளியேறியது. அதற்குப் பிறகு அவர்களும் பிரிந்தார்கள். 2017-இல் ஹென்ட்ரா யாரோடு ஆடினார் தெரியுமா? மலேசியாவின் டான் பூன் ஹியோங்கோடு. 2010 ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டியில் ஹென்ட்ராவும் கிடோவும் தோற்கடித்த ஜோடியில் ஒருவர் அவர். நேற்று வரை நெட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவரோடு, 32 வயதில், வேறு நாடு, வேறு பழக்கம் என்று எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குவது. அந்த ஒரு வருடத்தை நினைத்தால் எனக்கு அவர் மேல் மதிப்பு இன்னும் கூடுகிறது. 2018-இல் மறுபடி அஹ்சானிடமே வந்தார்.

வந்த பிறகு நடந்ததுதான் நான் யாரிடம் பாட்மிண்டன் பேசினாலும் கடைசியில் போய் நிற்கும் இடம். 2019 ஆல் இங்கிலாந்து, பாட்மிண்டனின் பழம்பெருமை வாய்ந்த போட்டி. அரையிறுதியில் ஹென்ட்ராவுக்குக் காலில் அடிபட்டது. இறுதிப் போட்டியில் மலேசியாவின் ஆரோன் சியா, சோ வூய் யிக், இரண்டு பேரும் இளைஞர்கள். முதல் கேம் 11-21. ஹென்ட்ராவால் சரியாக நகரவே முடியவில்லை. பிறகு அஹ்சான் பின்கோர்ட் முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். ஹென்ட்ரா முன்னால் நின்று கைக்கு எட்டியதையெல்லாம் தொட்டு வைத்தார். 21-14, 21-12. நொண்டிக்கொண்டு ஆடிய ஒருவர் ஆல் இங்கிலாந்து வென்றார். சிங்கிள்ஸில் இது நடக்கவே நடக்காது. கால் போனால் அங்கே ஆட்டம் முடிந்தது.

அதே வருடம் ஆகஸ்ட் 25, சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரம், உலக சாம்பியன்ஷிப். நமக்கெல்லாம் அந்த நாள் பி.வி. சிந்து உலக சாம்பியன் ஆன நாளாகத்தான் நினைவிருக்கும். அதே அரங்கில் அதே நாளில் ஹென்ட்ராவும் அஹ்சானும் ஜப்பானின் ஹோகி, கோபயாஷி ஜோடியை 25-23, 9-21, 21-15 என்று வென்று உலகப் பட்டம் எடுத்தார்கள். அன்றைக்கு ஹென்ட்ராவுக்கு 35-வது பிறந்தநாள். சிந்து ஜெயித்த சந்தோஷத்தில் என் வீட்டில் பாயசம் வைத்தார்கள். நான் அதை ஹென்ட்ராவுக்கும் சேர்த்துத்தான் குடித்தேன்.

அதற்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் முதல் கேமை வென்று, மற்ற இரண்டையும் இழந்து நான்காவது இடம். 2022 உலகப் போட்டியில் வெள்ளி, 2023 ஆல் இங்கிலாந்தில் இரண்டாம் இடம். அப்போது அவருக்கு 38 வயது. கையும் கண்ணும் மூளையும் கூர்மையாக இருந்தால் டபுள்ஸில் இவ்வளவு தூரம் வரலாம். ஒரு கேமுக்கு 15 புள்ளி என்ற முறையில் ஆடத் தொடங்கி, 2006-இல் 21 புள்ளிக்கு மாறி, 2018-இல் சர்வ் அடிக்கும்போது காக் தரையிலிருந்து 1.15 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று நிர்ணயித்தபோது அதற்கும் தன் சர்வைத் திருத்திக்கொண்டவர். அவரது முன்னாள் பார்ட்னர் கிடோ 2021 ஜூனில், 36 வயதில், கோர்ட்டில் ஆடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்து இறந்தார். அந்தச் செய்தி வந்த நாள் பெய்ஜிங் இறுதிப் போட்டியை மறுபடியும் முழுக்கப் பார்த்தேன்.

இனி பணம். உலகச் சுற்றின் பெரிய போட்டிகளில் மொத்தப் பரிசில் 7 சதவீதம் சிங்கிள்ஸ் சாம்பியனுக்கு. டபுள்ஸ் சாம்பியன் ஜோடிக்கு 7.4 சதவீதம். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் அந்த 7.4. 2023 இந்தோனேசியா ஓப்பனில் நம் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டியும் சிராக் ஷெட்டியும் பட்டம் வென்றார்கள். ஜோடிக்கு 92,500 டாலர், ஆளுக்கு 46,250. அதே போட்டியில் சிங்கிள்ஸ் வென்றவருக்கு 87,500. உழைப்பில் எந்த வித்தியாசமும் கிடையாது. இது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். விளம்பரமும் பெரும்பாலும் சிங்கிள்ஸ் முகங்களைத் தேடித்தான் போகும். நம் நாட்டில் பலரைத் தாங்கி நிற்பது ரயில்வே, பொதுத்துறை நிறுவனங்கள் போன்றவற்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் வேலை.

சாத்விக், சிராக் கதை உங்கள் மகளுக்கும் பயன்படும். ஒருவர் ஆந்திராவின் அமலாபுரம், இன்னொருவர் மும்பை. இரண்டு பேரும் பின்னால் நின்று அடித்துப் பழகியவர்கள். மலேசியப் பயிற்சியாளர் டான் கிம் ஹெர்தான் இவர்களைச் சேர்த்து வைத்தவர். யாராவது ஒருவர் நெட்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்பதால் சிராக் முன்கோர்ட் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார். டோக்கியோ ஒலிம்பிக்கில் குரூப் சுற்றில் மூன்றில் இரண்டு ஆட்டம் வென்றும், வென்ற, இழந்த கேம்களின் கணக்கில் பின்தங்கி வெளியேறினார்கள். அவர்கள் குரூப்பில் தோற்கடித்த தைவானின் லீ யாங், வாங் சி-லின் ஜோடிதான் கடைசியில் தங்கம் வென்றது. அந்த ஏமாற்றத்தில் ஜோடி உடைந்திருக்கலாம். உடையவில்லை. அடுத்த வருடம் இந்திய ஆண்கள் அணியோடு தாமஸ் கோப்பை, 2023-இல் ஆசிய விளையாட்டுத் தங்கம், உலகத் தரவரிசையில் முதல் இடம் என்று வந்தார்கள்.

ஒரு கணக்கையும் பாருங்கள். ஒலிம்பிக் பாட்மிண்டனில் ஐந்து தங்கங்கள் இருக்கின்றன. அதில் மூன்று டபுள்ஸ்: ஆண்கள், பெண்கள், கலப்பு. நாடுகளின் கலப்பு அணிகள் மோதும் சுதிர்மான் கோப்பையில் ஐந்து ஆட்டங்களில் மூன்று. ஆண்கள் அணிகளுக்கான தாமஸ், பெண்கள் அணிகளுக்கான ஊபர் கோப்பைகளில் ஐந்தில் இரண்டு. நல்ல டபுள்ஸ் ஆட்டக்காரர் இல்லாத நாடு அணிப் போட்டிகளில் ஜெயிப்பது மிகக் கடினம். பெண்களிலும் வழி இருக்கிறது. ஜ்வாலா கட்டாவும் அஸ்வினி பொன்னப்பாவும் 2011-லேயே உலகப் போட்டியில் வெண்கலம் வென்றார்கள். ட்ரீசா ஜாலியும் காயத்ரி கோபிசந்தும் அடுத்தடுத்து இரண்டு வருடம் ஆல் இங்கிலாந்து அரையிறுதிக்கு வந்தார்கள். மலேசியாவுக்கு ஆடும் நம் தமிழ்ப் பெண் தீனா முரளிதரனின் ஆட்டத்தை மகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். பெர்லி டானோடு சேர்ந்து 2022 காமன்வெல்த் தங்கம், பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 2025 உலகப் போட்டியில் வெள்ளி.

14 வயதில் சிங்கிள்ஸை முழுவதும் விட வேண்டாம் என்பது என் கருத்து. காலசைவும் மூச்சும் அங்கேதான் வளரும். பயிற்சியாளரிடம் இரண்டு கேள்விகள் மட்டும் கேளுங்கள். யாரோடு ஜோடி சேர்க்கப் போகிறீர்கள்? என் மகளிடம் எதைப் பார்த்து இதைச் சொல்கிறீர்கள்? "அவள் கை நல்லா இருக்கு, நெட்ல பயப்படாம நிக்கிறா" என்பது போல ஏதாவது குறிப்பாகச் சொன்னால் அவரை நம்புங்கள். "சிங்கிள்ஸ் வரல, அதான்" என்றால் வேறு ஒருவரிடமும் மகளின் ஆட்டத்தைக் காட்டுங்கள். யாரோடு ஆடப் போகிறாள் என்று தெரிந்ததும் அந்தப் பெண்ணின் வீட்டாரோடும் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள். பயண நேரம், செலவு, பள்ளித் தேர்வு எல்லாம் இனி இரண்டு வீட்டுக்கும் சேர்ந்த விஷயம்.

ஹென்ட்ராவும் அஹ்சானும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் ஓய்வை அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் ஜகார்த்தாவின் இஸ்தோரா அரங்கில் இருவருக்கும் சேர்த்து விடைகொடுத்தார்கள். ஹென்ட்ராவுக்கு அப்போது 40 வயது. இப்போது சபார், ரேசா என்ற இந்தோனேசிய ஜோடிக்கு அவர் பயிற்சி கொடுக்கிறார். அவர்கள் ஆட்டம் நடக்கும்போது கேமரா பயிற்சியாளர் நாற்காலிப் பக்கம் திரும்பினால் பாருங்கள், இன்னமும் அதே அசையாத முகம்தான்.